கத்திரி வெயிலில் கர்ணப்புறா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி பிறந்துவிட்டால் போதும், ஆகாயத்தில் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கிற கர்ணப்புறாவை வளர்ப்பவர்களிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். புறா வாயைப் பிளக்கிறது, மேலே ஏற மாட்டேன் என்கிறது, மத்தியானம் நன்றாக இருந்தது சாயங்காலம் பார்த்தால் செத்துக் கிடக்கிறது, முட்டை பொரிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, வள்ளியூர், சங்கரன்கோவில் என்று நம்ம வறண்ட சீமையில், வீட்டுக்கு மேலே தட்டட்டியில் கூண்டு போட்டு, பத்து முப்பது கர்ணப்புறா வைத்திருப்பவர்களை நினைத்து எழுதியது இது.

இந்த வெயிலில் கர்ணத்தைப் பறக்க விடலாமா அண்ணாச்சி, இல்லை ஜூன் வரை அடைத்தே வைக்கவா?

விடலாம். சும்மா அடைத்தே வைத்தால்தான் ஆபத்து அதிகம். நான் பார்த்தவரை கோடையில் சாகிற புறா ஆகாயத்தில் சாவதில்லை, கூண்டுக்குள்தான் சாகிறது. விடியற்காலையில் அரை மணி நேரம் பறந்து இறங்கிய புறாவுக்கு ஒன்றும் ஆகாது. அதே புறா மத்தியானம் 2 மணிக்குத் தகரக் கூரைக்கு அடியில், காற்று இல்லாமல், தண்ணீர்ச் சட்டி காய்ந்துபோய், இருபது புறாவோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போதுதான் போய்விடுகிறது. அதனால் இந்தப் பக்கத்தில் பறக்கவிடுவதைப் பற்றி எழுதியிருப்பதைவிடக் கூண்டைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் எழுதியிருப்பதுதான் அதிகமாக இருக்கும்.

இன்னொன்று, இரண்டு மாதம் பறக்காமல் கொழுத்துப்போன கர்ணத்தைத் திடீரென்று ஏற்றிவிட்டால் அது கட்டுப்பாடில்லாமல் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே கீழே வரும், கரண்டுக் கம்பியிலோ கைப்பிடிச் சுவரிலோ மோதும். கொஞ்சமாகவாவது பறக்கிற புறாதான் தன் கர்ணத்தைத் தானே நிறுத்தத் தெரிந்த புறா.

எத்தனை மணிக்கு விட வேண்டும், எவ்வளவு நேரம்?

சித்திரை வைகாசியில் நமக்குச் சூரியன் 6 மணியை ஒட்டி உதிக்கிறது. கிழக்கே நன்றாக வெளுத்து, புறாவுக்குக் கம்பியும் கிளையும் தெரிகிற வெளிச்சம் வந்ததும் விட்டுவிடுங்கள். 7.30க்குள் எல்லாம் இறங்கிக் கூண்டுக்குள் இருக்க வேண்டும். மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை இருக்கும் கத்திரி நாட்களில் இதை இன்னும் சுருக்கி, 7 மணிக்கே முடித்துக்கொள்வது நல்லது. 20 நிமிடத்திலிருந்து 40 நிமிடம் போதும். நீண்ட நேரம் பறப்பது, கர்ணம் அடிக்காமல் உயரே போய்ச் சுற்றுகிற சாதாப் புறாவின் வேலை, கர்ணத்தின் வேலை அது இல்லை. வெளிநாட்டுக் கர்ணப்புறா இனமான பர்மிங்காம் ரோலர்களுக்கான உலகக் கோப்பைப் போட்டியிலேயே ஒரு கூட்டத்தை மதிப்பிடும் நேரம் 20 நிமிடம்தான்.

சாயங்காலம் விடலாமா என்றும் கேட்கிறார்கள். கோடையில் சாயங்காலம் ஏமாற்றிவிடும். வெயில் தாழ்ந்த மாதிரி இருக்கும், ஆனால் பகல் முழுக்கக் காய்ந்த காங்கிரீட் அப்போதுதான் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். புறாவும் பகலெல்லாம் மூச்சு வாங்கிக் களைத்திருக்கும். போதாததற்கு, இறங்கத் தாமதமானால் இருட்டிவிடும், வழி தெரியாமல் பக்கத்துத் தெருவில் உட்கார்ந்தால் பூனைக்குத்தான் போகும். வாரத்துக்கு இரண்டு நாள் பறக்கவே விடாமல் ஓய்வு கொடுத்தாலும் தப்பில்லை.

பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு ஒரு வார்த்தை. முழுப் பரீட்சை லீவு என்பதால் பகல் முழுக்க மாடியில் நின்று புறாவை விரட்டிக்கொண்டே இருக்காதீர்கள். உட்கார வருகிற புறாவைக் கொடி ஆட்டித் திரும்பத் திரும்ப எழுப்பிவிடுவது இந்த வெயிலில் கொலைக்குச் சமம். அது தானாக இறங்கினால் இறங்கட்டும்.

மேலே போனால் குளுகுளுவென்று இருக்குமே, அப்புறம் என்ன பயம்?

வறண்ட காற்றில் 100 மீட்டர் ஏறினால் சுமார் 1 டிகிரி குறையும். சாதாப் புறா கண்ணுக்குத் தெரியாத உயரம் போனால் அதற்கு அந்தப் பலன் கிடைக்கும். கர்ணம் பெரும்பாலும் 200, 400 அடியில் நம் கண்ணுக்கு எதிரே சுற்றுகிற புறா, அதற்குக் கிடைப்பது ஒரு டிகிரிதான். சிறகடிக்கும்போது உடம்புக்குள்ளே உண்டாகும் சூடு அதைவிடப் பல மடங்கு. அதனால் உயரத்தை நம்பாதீர்கள், நேரத்தை நம்புங்கள்.

புறாவுக்கு வேர்க்குமா? வாயைத் திறந்துகொண்டே இருக்கிறதே, அது நோயா?

வேர்க்காது. பறவை எதற்குமே வேர்வைச் சுரப்பி கிடையாது. புறாவின் சாதாரண உடம்புச் சூடே 41 முதல் 42 டிகிரி, நமக்கு அது கடும் காய்ச்சல் கணக்கு. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை சூடு தானாக வெளியே போகும். கால், அலகு, சிறகுக்கு அடியில் முடி குறைவான இடம் எல்லாம் அதற்கு வழி. பாளையங்கோட்டையில் வெயில் 40ஐத் தாண்டுகிற நாளில் தகரத்துக்குக் கீழே காற்று 42ஐயும் மிஞ்சிவிடும், அப்போது அந்த வழியெல்லாம் அடைபட்டு, உடம்புத் தண்ணீரை ஆவியாக்கித்தான் புறா தன்னைக் குளிர்விக்க முடியும். மூச்சு வழியாகவும், தோல் வழியாகவும் அந்த ஆவி போகிறது. தண்ணீர் தீர்ந்தால் எல்லாம் தீர்ந்தது.

கிட்டே உட்கார்ந்து பாருங்கள், படிப்படியாகத் தெரியும். முதலில் முடியை ஒடுக்கி உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒல்லியாக நிற்கும். அடுத்து இரண்டு சிறகையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கும், தோள் மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். அப்புறம் அலகைத் திறக்கும், தொண்டைத் தோல் படபடவென்று அதிரும், அந்த அதிர்வில் கழுத்து முடிகூட நடுங்கும். இதுவரை பயப்பட வேண்டாம், அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. கண் பாதி மூடி, கழுத்து தொங்கி, நாம் கையை நீட்டினால்கூட நகராமல், கால் தள்ளாடினால் அது ஆபத்து, உடனே தூக்குங்கள். என்ன செய்ய வேண்டும் என்பது கீழே இருக்கிறது.

பறக்கும்போது வெயில் தாக்கியது கீழே இருந்து எப்படித் தெரியும்?

கூட்டம் உடையும். ஒன்றாகச் சுற்றிய புறாக்கள் இரண்டு மூன்றாகப் பிரிந்து அகலமாகப் போகும், ஒன்றிரண்டு பின்தங்கும், மற்றதைவிடத் தாழப் பறக்கும், வாய் திறந்திருப்பது கீழிருந்தே தெரியும். கர்ணம் அடிக்கிற விதமும் மாறும்: பின்பக்கமாகச் சுருண்டு வேகமாக உருள வேண்டியது அரைகுறையாகப் புரளும், அல்லது அடித்து முடித்ததும் நிமிர்ந்து கூட்டத்தோடு சேர முடியாமல் திணறும். அப்படிப் பார்த்த நிமிடமே தீவனத் தட்டைத் தட்டுங்கள், கூண்டு மேல் வெள்ளைப் புறா ஒன்றை இறக்கிக் காட்டுங்கள், எப்படிப் பழக்கியிருக்கிறீர்களோ அப்படிக் கூப்பிட்டு இறக்கிவிடுங்கள். இறங்கிய புறா கால் மணி நேரத்தில் வாயை மூடிவிட வேண்டும். அதற்கு மேலும் இளைத்தால் மறுநாள் அதற்கு லீவு.

எங்கள் கூண்டு தட்டட்டியில், மேலே தகர ஷீட். என்ன மாற்றலாம்?

கூரையை மாற்றினால் பாதிப் பிரச்சினை முடிந்தது. நம்ம ஊரில் பனை ஓலைக்கும் தென்னங்கீற்றுக்கும் பஞ்சமில்லை. தகரத்தையோ ஆஸ்பெஸ்டாஸையோ பிடுங்க வேண்டியதில்லை, அதற்கு மேலே நாலைந்து விரற்கடை இடைவெளி விட்டு மூங்கில் கட்டி, அதன் மேல் ஓலையை நன்றாகக் கனமாக வேயுங்கள். அந்த இடைவெளிதான் முக்கியம். ஓலையைத் தகரத்தோடு ஒட்டிப் போட்டால் ஓலையின் சூடு அப்படியே இறங்கும். இடைவெளி இருந்தால் காற்று அதைக் கொண்டுபோய்விடும். ஓலை பறக்காமல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள், வைகாசிக் கடைசியில் காற்று ஆரம்பித்தால் முதலில் கிளம்புவது அதுதான். ஓலை வாங்க வசதி இல்லையென்றால் தகரத்துக்கு மேலே நல்ல கெட்டிச் சுண்ணாம்பு இரண்டு கை அடியுங்கள், கூண்டைச் சுற்றியுள்ள தரைக்கும் சேர்த்தே. வெள்ளை வெயிலைத் திருப்பிவிடும்.

மேற்குச் சுவர்தான் அடுத்த எதிரி. மத்தியானம் 2 மணியிலிருந்து சாயங்காலம் வரை வெயில் அந்தப் பக்கமாக நேராக உள்ளே வரும். மேற்கைத் தட்டி வைத்து மறைத்து, வடக்கும் தெற்கும் கம்பி வலையாகத் திறந்து விடுங்கள். சூடான காற்று மேலே தேங்கும் என்பதால் கூரைக்குக் கீழே சுற்றிலும் ஒரு சாண் வலை விட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். வலையின் கண் பூனைக் கை நுழையாத அளவுக்கு, சாரைப்பாம்பு நுழையாத அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும். கோடையில் பாம்பு நிழலும் தண்ணீரும் தேடி வரும், முட்டையும் குஞ்சும் இருந்தால் தங்கியே விடும்.

தட்டட்டியில் தரையோடு தரையாகக் கூண்டை வைக்காதீர்கள். செங்கல்லோ கட்டைக்காலோ வைத்து முழங்கால் உயரம் தூக்குங்கள், அடியில் காற்று ஓடும். வீட்டு முற்றத்தில் வேப்பமரம் இருந்து, பூனைத் தொல்லையைச் சமாளிக்க முடியும் என்றால், வைகாசி முடியும்வரை முழுக் கூட்டத்தையுமே கீழே இறக்கி மரத்தடியில் வைத்துவிடலாம். ஆனால் புறா தன் கூண்டு இருக்கும் இடத்தை நினைவில் வைத்துத்தான் இறங்கும், இடம் மாற்றினால் சில நாள் அடைத்துப் பழக்கிவிட்டுத்தான் வெளியே விட வேண்டும்.

கடைசியாக, எண்ணிக்கை. மார்கழியில் இருபது புறா தாராளமாக இருந்த கூண்டில் கத்திரியில் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். கழிக்க வேண்டியவற்றை மாசியிலேயே கழித்துவிடுங்கள்.

ஈரச் சாக்குத் தொங்கவிடலாமா?

நம்ம வறண்ட பக்கத்தில் நன்றாக வேலை செய்யும். காற்று வருகிற பக்கத்து வலையில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, எதிர்ப்பக்கத்தைத் திறந்துவிடுங்கள். நாலு பக்கமும் மூடினால் உள்ளே ஆவிக் குளியல்தான். காயக் காய நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதே யோசனையைத் திருச்செந்தூர், உவரி, தூத்துக்குடி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அங்கே காற்றிலேயே ஈரம் இருக்கிறது, சாக்கிலிருந்து தண்ணீர் சரியாக ஆவியாகாது, புறாவின் மூச்சிலிருந்தும் ஆவியாகாது. அங்கே வெப்பமானி 36 காட்டினாலும் புறாவுக்கு இங்கே 40 மாதிரிதான். கடலோரத்தில் ஈரத்தைக் குறைத்துக் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள், முடிந்தால் வலைக்கு வெளியே ஒரு மின்விசிறி.

தண்ணீர் எவ்வளவு, எப்படி?

சாதாரண நாளில் ஒரு புறா 30 முதல் 50 மில்லி குடிக்கும், கத்திரியில் அது இரட்டிப்பாகும், குஞ்சுக்கு ஊட்டுகிற தாய் தகப்பனுக்கு இன்னும் கூடும். இருபது புறாவுக்கு 2 லிட்டர் குறைந்தபட்சம், அதுவும் இரண்டு பாத்திரத்தில். ஒன்றே ஒன்று வைத்தால் வலுத்த ஆண் புறா அதன் பக்கத்தில் நின்றுகொண்டு மற்றதை விடாது.

கோழி மாதிரித் தலையைத் தூக்கி விழுங்குகிற பழக்கம் புறாவுக்குக் கிடையாது. அலகை மூக்கு வரை முக்கி ஒரே மூச்சில் உறிஞ்சும். ஆகவே தண்ணீர் இரண்டு விரற்கடை ஆழமாவது இருக்க வேண்டும், அகலத் தட்டில் அடியோடு ஒட்டிக் கிடக்கிற தண்ணீர் போதாது. மண் சட்டிதான் நல்லது, அதில் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். எச்சம் விழாமல் மேலே ஒரு ஓடு சாய்த்து வையுங்கள். காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் கொட்டிவிட்டு, வழவழப்புப் போகத் தேங்காய் நாரால் தேய்த்து மாற்றுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: மாடியில் இருக்கிற சின்டெக்ஸ் தொட்டிக் குழாயைத் திறந்து அப்படியே சட்டியில் பிடிக்கிறார்கள். மத்தியானம் அந்தத் தண்ணீரில் நாம் கையே வைக்க முடியாது. காலையிலேயே ஒரு குடத்தில் பிடித்துக் கீழே நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் கட்டி போடத் தேவையில்லை.

பறக்க விடும் முன் தண்ணீர் காட்டக்கூடாது, வயிறு கனக்கும் என்று சில பழைய ஆட்கள் சொல்வார்கள். தீவனத்துக்கு அது சரி. தண்ணீருக்கு, அதுவும் கோடையில், நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

உப்பு, சர்க்கரை, மோர், இளநீர்?

மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, மிக உஷ்ணமான நாளில் 11 மணியிலிருந்து 3 மணி வரை வையுங்கள், பக்கத்திலேயே வெறும் தண்ணீரும் இருக்கட்டும். 3 மணிக்குக் கொட்டிவிடுங்கள், சர்க்கரை கலந்த தண்ணீர் இந்தச் சூட்டில் சீக்கிரம் கெட்டுப்போகும். தினமும் தேவையில்லை. மோரும் இளநீரும் நாம் குடிப்போம்.

குளிக்க வைக்கலாமா?

கட்டாயம், வாரத்துக்கு மூன்று நாள். நான்கு விரற்கடை தண்ணீர் நிற்கிற அகலமான பிளாஸ்டிக் தொட்டியில், காலையில் பறந்து இறங்கி இளைப்பு அடங்கியபின். ஒன்று இறங்கினால் போதும், மற்றவை தள்ளிக்கொண்டு வரும். ஒரு பக்கச் சிறகை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சாய்ந்து படுத்துக் கிடக்கும், பார்க்கவே மனது நிறையும். முடிந்ததும் தண்ணீர் மேல் வெள்ளையாக மாவு மாதிரி ஒரு ஆடை படியும், அது புறா உடம்பின் முடித்தூள், அழுக்கு என்று நினைக்க வேண்டாம். ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாமல் உடனே கொட்டுங்கள். நனைந்த சிறகோடு பறக்க விடக்கூடாது.

தீவனம்?

சாப்பாடு செரிக்கும்போதே உடம்பில் சூடு உண்டாகும். அதனால் கனமான தீவனத்தைக் காலையில் போட்டு, அது நடுப்பகலில் செரிப்பது மோசம். சாயங்காலம் 5.30க்கு மேல் முக்கிய வேளையை வைத்துக்கொள்ளுங்கள், காலையில் பறந்து இறங்கியதும் கூண்டுக்குள் வர ஒரு கைப்பிடி மட்டும். கர்ணத்துக்கு நாளைக்கு 25 முதல் 30 கிராம் என்பது வழக்கமான அளவு. பறக்கும் நேரம் குறைந்த கத்திரியில் அதிலும் கொஞ்சம் குறைக்கலாம். மார்பெலும்பைத் தடவிப் பாருங்கள், கத்தி மாதிரித் துருத்தவும் கூடாது, சதைக்குள் புதையவும் கூடாது. கம்பு, வெள்ளைச் சோளம், கோதுமை பெரும்பங்கு, பச்சைப்பயறு கொஞ்சம். மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிளிஞ்சல், செங்கல் பொடி, அடுப்புக்கரி, துளி உப்பு சேர்த்த கலவை எப்போதும் போலவே இருக்கட்டும்.

கோடையில் ஜோடி போடலாமா?

போடாதீர்கள். சித்திரை பிறக்கும் முன்பே ஆண் பெண்ணைப் பிரித்துவிடுவதுதான் என் கட்சி. 17, 18 நாள் அடைகாக்க வேண்டும், அது முடிந்ததும் தங்கள் தொண்டைப்பையில் சுரக்கும் தொண்டைப்பாலைக் குஞ்சுக்கு ஊட்ட வேண்டும், இரண்டும் பெற்றோரை உருக்கி எடுக்கும் வேலை. குஞ்சுக்குப் பத்து நாள் வரை முடியும் சரியாக இருக்காது, சட்டியை விட்டு நகரவும் முடியாது. ஏற்கெனவே முட்டை இட்டுவிட்டது என்றால் கூண்டிலேயே மிகக் குளிர்ச்சியான கீழ்த்தட்டுக்கு, மண் சட்டிக்கு மாற்றி, உள்ளே வேப்பங்குச்சியும் புகையிலைக் காம்பும் போடுங்கள், செள்ளுப்பூச்சியும் பேனும் அண்டாது. தென்னை நாரை அடர்த்தியாகத் திணிக்காதீர்கள், சூட்டைப் பிடித்துவைக்கும்.

புறா மயங்கி விழுந்துவிட்டது, உடனே என்ன செய்ய?

நிழலுக்கு, வீட்டுக்குள் தரைக்குக் கொண்டுபோங்கள். சாதாரணத் தண்ணீரில் காலை நனையுங்கள், இரண்டு சிறகையும் விரித்து அடிப்பக்கத்தைத் துணியால் ஒற்றுங்கள், விசிறுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக்கூடாது, தோலுக்கு அடியில் ரத்தக் குழாய் சுருங்கி உள்சூடு வெளியேறாமல் நின்றுவிடும். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். அலகு நுனியில் சொட்டு வைத்துப் பாருங்கள், தானாக விழுங்க ஆரம்பித்தால் அலகைத் தண்ணீரில் மெதுவாக முக்கிக் காட்டுங்கள். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பலன் தராது, இது காய்ச்சல் இல்லை. தெளிந்தபின் இருட்டான அட்டைப்பெட்டியில் தனியாக வைத்து, ஒரு வாரம் பறக்க விடாதீர்கள். தெளியவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ராமையன்பட்டியில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

எச்சம் தண்ணீராகப் போகிறது, வெயிலாலா நோயாலா?

நிறையத் தண்ணீர் குடித்தால் எச்சமும் நீர்த்துத்தான் போகும். நடுவில் உருண்டையும் ஓரத்தில் வெள்ளையும் சுற்றிலும் தண்ணீரும் என்று தனித்தனியாகத் தெரிந்தால், காலையில் மறுபடி கெட்டியானால், வெயில்தான். பச்சையாக, நாற்றத்தோடு, காலையிலும் அப்படியே இருந்து, புறா உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால் நோய். நிறையக் குடிப்பது, தண்ணீராகப் போவது, கூடவே தானியத்தைக் குறிபார்த்துக் கொத்த முடியாமல் தவறவிடுவது, கழுத்து திருகுவது என்று சேர்ந்து வந்தால் அது கழுத்துத் திருகல் நோய், வைரஸ். அன்றே பிரித்து வையுங்கள். கர்ணப்புறா வைத்திருப்பவர்களில் சிலர், "கூண்டுக்குள்ளேயே கர்ணம் அடிக்கப் பார்க்கிறது" என்று சந்தோஷப்பட்டு இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்.

வாயைத் திறக்கும்போது தொண்டைக்குள்ளும் ஒரு பார்வை பாருங்கள். மஞ்சளாகப் பாலாடைக்கட்டி மாதிரி ஏதாவது படிந்திருந்தால் அது வாய்ப்புண், தண்ணீர்ச் சட்டி வழியாகத்தான் பரவும். முடிக்குள் தட்டையாக ஓடுகிற புறா ஈயும் இந்த மாதங்களில் பெருகும், அது கடித்து ரத்தத்தில் மலேரியா போன்ற ஒரு நோயைப் பரப்புகிறது. கூண்டை வாரம் ஒருமுறை முழுக்கச் சுரண்டிக் கழுவிக் காயவிட்டால் இதில் பாதி வராது.

ஜூன் வந்தால் வெயில் குறைந்துவிடுமே, அப்போது தாராளமாக விடலாமா?

வெயில் கொஞ்சம் குறையும், காற்று பிடித்துக்கொள்ளும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது தென்காசி, செங்கோட்டைப் பக்கம் குளிர்ந்துவிடும், நமக்கு வருவது மழையை மலையிலேயே இறக்கிவைத்துவிட்ட வறண்ட மேல்காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பணகுடி, ராதாபுரம் பக்கம் அடிக்கிற காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அங்கே காற்றாலை நிற்பதே அதற்காகத்தான். கர்ணம் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் புறா சிறகடிப்பதை விட்டுவிட்டு உருள்கிறது, அந்த நேரத்தில் காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போகும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும் என்பதால் இதற்கும் மருந்து விடியற்காலைதான். மரக்கிளை ஆடுவதைப் பார்த்து, பெரிய கிளையே ஆடினால் அன்றைக்கு விடாதீர்கள்.

புறாவைப் பறக்கும்போதே அடிக்கிற வேட்டைப் பறவையான பைரி விஷயத்தில் கோடை கொஞ்சம் நல்லது. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வருகிற பைரி பங்குனிக்குள் திரும்பிவிடும். ஆனால் பாபநாசம், களக்காடு என்று மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குப் பாறை இடுக்கில் கூடு கட்டும் உள்ளூர்ப் பைரி ஆண்டு முழுக்க உண்டு, வல்லூறும் எங்கும் உண்டு. களைத்துத் தாழப் பறக்கிற புறாவைத்தான் அது முதலில் குறிவைக்கும்.

வெளிநாட்டு ரோலர் நம்ம வெயில் தாங்குமா?

பர்மிங்காம் ரோலர் இங்கிலாந்தில் உருவான இனம்தான், ஆனால் இங்கேயே தலைமுறை தலைமுறையாகப் பொரித்தவை நன்றாகத் தாங்குகின்றன. கோடையில் வாங்கி வந்து கோடையிலேயே பறக்க விடுவதுதான் தப்பு. பனிக்காலத்தில் வாங்குங்கள், வெயில் ஏறும்போது அதுவும் சேர்ந்து பழகிக்கொள்ளும். காலில் சடை உள்ள புறாவுக்குக் கால் வழியாகச் சூடு போவது குறையும், அதற்கு நிழல் கூடுதலாகக் கொடுங்கள். கறுப்புப் புறாவும் அசையாத காற்றில் வெயிலில் உட்கார்ந்தால் வெள்ளையைவிடச் சீக்கிரம் சூடாகும்.

புதுக்குஞ்சுகளை இப்போது பழக்கலாமா?

கூண்டைச் சுற்றிப் பார்க்க, வலைக்கூண்டில் உட்கார்ந்து ஊரைப் பழக, இது நல்ல நேரம். கூட்டத்தோடு ஏற்றிவிட வேண்டாம். மூன்று நான்கு மாதத்தில் கர்ணம் தொடங்குகிற குஞ்சுக்கு அடிக்கவே ஆசை இருக்கும், நிறுத்தத் தெம்பு இருக்காது. அதோடு வெயிலும் சேர்ந்தால் தரைவரை உருண்டு வந்துவிடும். சிறகில் புது முடி ரத்தக்குழலாக முளைத்துக்கொண்டிருக்கும் பெரிய புறாவுக்கும் இதே கணக்குதான்.

கோடையில் போட்டி வைக்கிறார்களே, கலந்துகொள்ளலாமா?

விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிகிற போட்டி என்றால் சரி. நடுப்பகல் வரை இறங்கக்கூடாது என்று மணிக்கணக்கை வைத்துப் பணம் கட்டுகிற போட்டிக்கு என் புறாவை நான் அனுப்ப மாட்டேன், உங்களையும் அனுப்ப வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்வேன். ஊசி, மாத்திரை கொடுத்துப் பறக்க வைக்கிறவர்களிடமிருந்து குஞ்சுகூட வாங்காதீர்கள்.

வெளியூரில் புறா வாங்கியிருக்கிறேன், எப்படிக் கொண்டுவர?

ராத்திரிப் பயணம். நாலு பக்கமும் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், ஒரு பெட்டிக்கு நாலுக்கு மேல் வேண்டாம், அடியில் பழைய சாக்கு. பஸ் டிக்கியில் போடாதீர்கள், எஞ்சின் சூடும் மூடிய காற்றும் சேர்ந்து ஊர் வருமுன் முடித்துவிடும். மடியிலோ காலடியிலோ வைத்துக்கொள்ளுங்கள், நடத்துனர் டிக்கெட் கேட்டால் கொடுத்துவிடுங்கள். பைக்கில் என்றால் முன்னால் டேங்கின் மேல் வைக்காமல் பின்னால் கட்டுங்கள். வழியில் நிறுத்தும் இடத்தில் தண்ணீர் காட்டுங்கள், தீவனம் வேண்டாம். வந்ததும் மற்ற புறாவோடு சேர்க்காமல் 20 நாள் தனிக்கூண்டில் வைத்து, எச்சத்தையும் தொண்டையையும் பார்த்தபின் சேருங்கள்.